பள்ளி பேண்டு யாருக்காக வாசிக்கிறது?

பூலாம்பாடி, அரும்பாவூர், பச்சைமலை அடிவாரம் என்று எங்கள் பக்கத்தில் எந்தப் பள்ளியை எடுத்தாலும், பேண்டு செட் பீரோவை விட்டு வெளியே வரும் நாட்கள் மூன்றுதான். ஆகஸ்ட் 15, ஜனவரி 26, ஆண்டு விழா. சிறப்பு விருந்தினர் வாசலில் காரை விட்டு இறங்குவார். சைடு டிரம், பேஸ் டிரம், ஜால்ரா, பிகிள் சகிதம் பத்துப் பதினைந்து பிள்ளைகள் அவருக்கு முன்னால் நடப்பார்கள். அவர் மேடை ஏறியதும் வாசிப்பு நின்றுவிடும். பிள்ளைகள் ஓரமாகப் போய் மர நிழலில் நிற்பார்கள். அதற்கப்புறம் விழா முழுக்க மைக்குக்குத்தான் சொந்தம்.

இதில் என்ன குறை, மரியாதைதானே என்று கேட்கலாம். மரியாதை தப்பில்லை. என் கேள்வி வேற. அந்தப் பிள்ளைகள் வாசித்ததை யாராவது உட்கார்ந்து கேட்டார்களா? விருந்தினர் நடந்துகொண்டிருந்தார், ஆசிரியர்கள் மாலையும் சால்வையும் தேடிக்கொண்டிருந்தார்கள், மற்ற பிள்ளைகள் வெயிலில் வரிசையில் நின்றார்கள். கேட்பதற்கு ஆளே இல்லாத ஒரு இசைக்குழு நம் பள்ளிகளில் வருஷக்கணக்காக இயங்கிவருகிறது.

ஆள் சேர்க்கிற விதத்தைப் பார்த்தாலே இது புரியும். பேண்டைக் கவனித்துக்கொள்வது பெரும்பாலும் பி.டி. சார்தான். உயரம் ஒத்துவருதா, லெஃப்ட் ரைட் தப்பாம போடுறானா, வெள்ளை கான்வாஸ் ஷூ இருக்கா என்று பார்ப்பார்கள். காதை யாரும் சோதிப்பதில்லை. வீட்டிலும், “படிக்கிற புள்ளைக்கு எதுக்கு மேளம்?” என்றுதான் முதல் கேள்வி வரும். இவ்வளவையும் தாண்டி ஒரு பிள்ளை ஏன் சேருகிறது? வகுப்பிலிருந்து அரை மணி நேரம் தப்பிக்கலாம் என்பது ஒரு காரணம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. வயலினோ கீபோர்டோ வாங்கி, மாசச் சம்பளம் கொடுத்துப் பாட்டு வாத்தியார் வைக்க முடியாத வீடுகளில், காசில்லாமல் ஒரு பிள்ளையின் கைக்கு வரும் ஒரே இசைக்கருவி பள்ளி பேண்டுதான். அதனால் பேண்டே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. அதைப் பாதியில் விட்டு வைத்திருக்கிறோம் என்பதுதான் என் குறை.

கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கலாம். ஐரோப்பிய ராணுவ பேண்டில் பெரிய டிரம்மும் ஜால்ராவும் வந்ததே துருக்கி உஸ்மானியப் படைகளின் ‘மெஹ்தர்’ இசையைக் கேட்டுத்தான். ஆக, பேண்டு என்பதே கடன் வாங்கி வளர்ந்த சாமான். நம்ம ஊருக்கும் அது சீக்கிரமே வந்துவிட்டது. தஞ்சாவூரில் இரண்டாம் சரபோஜி (ஆட்சிக்காலம் 1798–1832) அரண்மனையில் மேற்கத்திய பாணி பேண்டு ஒன்றை வைத்திருந்தார். அதே காலகட்டத்தில் முத்துசுவாமி தீட்சிதர் ஆங்கிலேயரின் பேண்டு மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்கு சமஸ்கிருத வரிகள் எழுதினார். நோட்டுஸ்வரங்கள் என்று இன்றும் பாடப்படும் சுமார் 40 உருப்படிகள் அப்படி வந்தவை. பிரிட்டிஷ் ராஜ வாழ்த்தின் மெட்டில்கூட ஒன்று உண்டு!

அடுத்து கிளாரினெட். பேண்டு வாத்தியமாக வந்த அது சதிர்க் கச்சேரியின் சின்ன மேளத்துக்குள் நுழைந்து, பிறகு தனிக் கச்சேரி மேடைக்கும் ஏறியது. திருச்சிக்காரரான ஏ.கே.சி. நடராஜன் அதிலேயே ஒரு வாழ்நாளைக் கழித்து, 2022இல் பத்மஸ்ரீ வாங்கினார். கத்ரி கோபால்நாத்தின் கதையும் இதே மாதிரிதான். நாகஸ்வரக்காரர் வீட்டுப் பிள்ளையான அவர் மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைக் கேட்டு மயங்கி, பல வருஷம் போராடி அதில் கமகத்தைக் கொண்டுவந்தார்.

இந்த மூன்று கதையிலும் பொதுவாக ஒன்று இருக்கிறது. வந்த வாத்தியத்தையோ மெட்டையோ யாரும் அப்படியே விட்டுவைக்கவில்லை. வளைத்தார்கள், மாற்றினார்கள், தனக்கானதாக்கினார்கள். பள்ளி பேண்டில் இல்லாதது இந்த உரிமைதான். மார்ச்சுக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய 120 அடி, பேஸ் டிரம் விழும்போது இடது கால் தரையில். இந்தக் கணக்கு ராணுவத்துக்குத் தேவை, ஆயிரம் பேரை ஒரே சீராக நகர்த்தியாக வேண்டும். முப்பது அடி தூரத்தில் இருக்கும் மேடைக்கு ஒருவரைக் கூட்டிப்போக அது மட்டுமே எதற்கு?

நடந்துகொண்டே வாசிப்பது நமக்குப் புதுசும் இல்லை. சுவாமி புறப்பாட்டில் நாகஸ்வரமும் தவிலும் மல்லாரி வாசித்தபடி போவதைப் பார்த்திருப்பீர்கள், பெரும்பாலும் கம்பீர நாட்டையில். அங்கே இசை காலடிக்கு அடிமை இல்லை. வித்வான் ஒரு இடத்தில் நின்று விரிவாக வாசித்தால் ஊர்வலமே நிற்கும், சுவாமியும் காத்திருப்பார். பள்ளி பேண்டில் காத்திருக்க வேண்டியது எப்போதும் பிள்ளைகள்தான். இந்த இரண்டு நடைக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தாலே அது பாதி இசைப் பாடம்.

இன்னொன்றையும் சொல்லாமல் போக முடியாது. சைடு டிரம்மை இரண்டு குச்சியால் வாசிக்கிறோம். பறையையும் இரண்டு குச்சியால்தான் வாசிக்கிறோம், ஒரு கையில் குட்டையான அடிக்குச்சி, இன்னொரு கையில் நீளமான சுண்டுக்குச்சி. பிளாஸ்டிக் வருவதற்கு முன்பு டிரம்முக்கும் தோல்தான், 1950களுக்குப் பிறகுதான் அது மாறியது. அப்படி இருக்க, சைடு டிரம்மைத் தோளில் மாட்டிய பிள்ளைக்கு ஊரில் கைதட்டல், பறையை மாட்டியவருக்கு வேறு பார்வை. ஏன்? ஒன்று வெள்ளைக்காரன் பட்டாளத்தோடு வந்தது, மற்றது சேரியிலிருந்து வந்தது என்பதைத் தவிர எனக்கு வேறு காரணம் தெரியவில்லை. மதுரை வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அரசுப் பள்ளிகளில் 2022–23 முதல் நடக்கும் கலைத் திருவிழாவும் மேடையைக் கொஞ்சம் அகலப்படுத்தியிருக்கிறது. இவை நல்ல அறிகுறிகள். ஆனாலும் விருந்தினர் வரும் அந்த வாசலில் பெரும்பாலும் இன்னும் டிரம் மட்டும்தான் நிற்கிறது.

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளின் மார்ச்சிங் பேண்டைச் சினிமாவில் பார்த்து ஏங்குகிறவர்கள் உண்டு. அந்தப் பளபளப்பு நமக்கு வேண்டாம். அங்கே செலவும் அதிகம், போட்டி வெறியும் அதிகம். கற்றுக்கொள்ள ஒன்று இருக்கிறது. கால்பந்து மைதானத்தில் அணிவகுத்த அதே பிள்ளைகள், அந்தப் பருவம் முடிந்ததும் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்து கச்சேரி வாசிக்கிறார்கள். நடப்பது பாதி வருஷம், கேட்கவைப்பது மீதி வருஷம்.

நம்மால் என்ன முடியும்? பெரிய செலவு தேவையில்லை. ஆண்டு விழா நிகழ்ச்சி நிரலில் பேண்டுக்கு என்று பத்து நிமிடம் ஒதுக்கலாம். அவர்கள் நிற்கட்டும், மற்றவர்கள் எல்லாரும் உட்காரட்டும், விருந்தினர் உட்பட. அடுத்தது, கல்யாண ஊர்வலத்தில் சினிமாப் பாட்டு வாசிக்கிற பேண்டு செட்காரர்கள் நம் பக்கமே இருக்கிறார்கள். டிரம்பெட்டில் ஒரு பாட்டை இரண்டு தடவை கேட்டு அப்படியே எடுத்துவிடும் காது அவர்களுடையது. பறைக் கலைஞர்களும் இருக்கிறார்கள். மாசத்துக்கு ஒரு நாள் அவர்களை வாத்தியாராக அழைத்து, அதற்குச் சம்பளமும் கொடுக்கலாம். விருந்தினருக்குப் போடும் சால்வையை ஒரு தடவை அவர்களுக்கும் போடலாம். கடைசியாக, வருஷத்துக்கு ஒரு மெட்டாவது பிள்ளைகளே அமைக்கட்டும். சுமாராகத்தான் வரும், வரட்டுமே.

பேண்டில் சேருவது என்றால் பக்கத்தில் இருப்பவன் வாசிப்பதைக் கேட்டு, அதற்கேற்பத் தன் கையை அடக்கவோ ஓங்கவோ பழகுவது. பத்துப் பேர் ஒருத்தரை ஒருத்தர் கேட்பது எவ்வளவு கஷ்டம் என்று வீட்டிலும் பஞ்சாயத்திலும் நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். அதைப் பதினாலு வயசில் சொல்லிக்கொடுக்க ஒரு வழி பீரோவுக்குள் தூசி படிந்து கிடக்கிறது. சாவி யாரிடம் இருக்கிறது என்று அடுத்த பெற்றோர் கூட்டத்தில் யாராவது ஒருத்தர் கேளுங்களேன்.