காதை நம்பச் சொல்கிறார்கள்

வீட்டில் நல்ல ஒலி கேட்க வேண்டும் என்று மெனக்கெடுகிறவர்களிடையே இப்போது பேச்செல்லாம் ஸ்பீக்கரின் காலைப் பற்றித்தான். ஆம்பை மாற்றியாயிற்று, கேபிளை மாற்றியாயிற்று. மிச்சம் இருப்பது பெட்டிக்கும் தரைக்கும் நடுவிலுள்ள இடம். அங்கே ரப்பரோ ஸ்பிரிங்கோ வைத்துச் செய்த அதிர்வுத் தடுப்புக் கால்களைப் பொருத்தினால் பாஸ் இறுகும், பாடகரின் குரல் பெட்டியை விட்டு வெளியே வந்து நிற்கும் என்கிறார்கள். கனடாவின் ஐசோஅகூஸ்டிக்ஸ் செய்யும் ‘கையா’ கால்களும் இங்கிலாந்தின் டவுன்ஷெண்ட் ஸ்பிரிங் மேடைகளும் இதில் பேர் பெற்றவை. நான்கு கால் கொண்ட ஒரு செட்டுக்கே சில நூறு டாலர் ஆகும். ஜோடிக்கு இரண்டு செட் வேண்டும். விலையைக் கேட்டு யாராவது தயங்கினால் தயாராக ஒரு பதில் வருகிறது: “அளவீட்டை எல்லாம் விடுங்க சார், உங்க காதை நம்புங்க.”

இந்தக் கால்களை அக்கறையோடு வடிவமைக்கிற பொறியாளர்கள் உண்டு. அவர்களோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. என்னை எழுத வைத்தது அந்தப் பதில்.

கொடுக்க வேண்டியதை முதலில் கொடுத்துவிடலாம். ரெக்கார்டு பிளேயரை அதிர்வில் இருந்து பிரித்து வைப்பது மூடநம்பிக்கை அல்ல. ஸ்பீக்கரின் அதிர்வு ஊசிக்குப் போய்ச் சேர்ந்தால் அது திரும்பவும் ஒலியாகி ஊளையிடும். மேசைமேல் வைக்கிற சிறிய மானிட்டர்களுக்கு அடியில் கொஞ்சம் மெத்தென்று எதையாவது வைத்தால், மேசைப் பலகை தானும் சேர்ந்து பாடுவது குறையும். அடுக்குமாடியில் சப்வூஃபர் வைத்திருப்பவர் அதன் அடியில் நல்ல ரப்பர் கால் போட்டால் கீழ்வீட்டுக்காரர் நன்றி சொல்வார். லண்டனிலோ டொரான்டோவிலோ மரச்சட்டங்களின் மேல் பலகை அடித்த தளத்தில், 30 கிலோ எடையுள்ள ஸ்பீக்கர் தரையையே ஒரு முரசாக்கிவிடக் கூடும். அங்கே ஸ்பிரிங் மேடை வேலை செய்வதை நடந்து பார்த்தாலே பாதம் சொல்லும்.

இந்தக் கால்களின் நியாயம் பிறந்தது அந்த மரத்தளத்தில்தான். நம்மூரில் ஸ்பீக்கர் நிற்பது ஐந்தாறு அங்குலக் கான்கிரீட்டின் மேல். அதன்மேல் சிமென்ட், அதன்மேல் டைல்ஸோ கிரானைட்டோ. அந்தத் தளத்தை ஒலிபெருக்கும் பலகையாக மாற்ற வீட்டு ஸ்பீக்கருக்கு வலு போதாது. தரைக்குள் போகாத அதிர்வைத் தடுக்கக் காசு கொடுக்கிறோம் என்பதை விற்பவரிடம் சொன்னால், “தரையை விடுங்க, பெட்டியே ஆடுதே” என்று அடுத்த வாதத்துக்குத் தாவுவார்.

பெட்டி ஆடுகிறது, உண்மைதான். எவ்வளவு என்று பார்ப்போம். வூஃபரின் கூம்பும் அதோடு அசையும் பாகங்களும் சேர்ந்து 20 கிராம், பெட்டி 25 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்டி எதன்மேலும் தொடாமல் அந்தரத்தில் மிதந்தால்கூட, கூம்பு 5 மில்லிமீட்டர் முன்னே பாயும்போது பெட்டி பின்னே போகும் தூரம் 0.004 மில்லிமீட்டர். விகிதம் 1,250-க்கு ஒன்று. டெசிபலில் சொன்னால் 62 கீழே. இந்த நடுக்கம் ட்வீட்டரின் ஒலியைக் ‘கலங்கடிக்கிறது’ என்கிற விளம்பர வாசகத்தைப் படிக்கும்போது, 3,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 11 செ.மீ.க்கு மேல் என்பதை நினைத்துக்கொள்ள வேண்டும். பெட்டிச் சுவர்கள் சில சுருதிகளில் தாமாக அதிர்வது நிஜமான தொல்லை. ஆனால் அதைத் தீர்க்க வேண்டியது பெட்டிக்குள்ளே முட்டுக்கொடுக்கும் தச்சர். அடியில் கால் வைப்பதால் பக்கச் சுவர் கெட்டிப்படாது.

இன்னொன்றையும் போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன். ஸ்பிரிங்கோ ரப்பரோ எதுவானாலும், சுமை ஏறியதும் எத்தனை மில்லிமீட்டர் அமுங்குகிறது என்பதுதான் அதன் ஜாதகம். 1 மி.மீ. அமுங்கினால் அதன் இயல்பு அதிர்வெண் 16 ஹெர்ட்ஸ் வாக்கில் இருக்கும்; 4 மி.மீ. அமுங்கினால் 8. கால் மில்லிமீட்டர் மட்டும் அமுங்கும் கெட்டி ரப்பருக்கு 32 ஹெர்ட்ஸாவது வரும். அந்த எண்ணைப் போல ஒன்றரை மடங்குக்கு மேலேதான் தடுப்பு தொடங்குகிறது. அந்த எண்ணுக்குப் பக்கத்தில் அதிர்வு குறைவதற்குப் பதில் கூடுகிறது. இவ்வளவு எடைக்கு இந்தக் கால் என்று அட்டவணை போடும் நிறுவனங்கள் நேர்மையானவை. எந்தப் பெட்டிக்கும் பொருந்தும் என்று விற்கப்படும் உருண்டைகளைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

சரி, காதுக்கு வருவோம்.

வீட்டில் இந்தச் சோதனை எப்படி நடக்கிறது? பிடித்த பாட்டு ஒன்று ஓடுகிறது. பெரும்பாலும் இளையராஜாவின் பாஸ் கித்தார் நன்றாகக் கேட்கிற பாட்டு, அல்லது மிருதங்கத்தின் தொப்பி துல்லியமாகப் பதிவான ஒரு கச்சேரி. நிறுத்துகிறார்கள். ஒருவர் பெட்டியைச் சாய்த்துப் பிடிக்க, இன்னொருவர் குனிந்து பழைய கூர்முனை ஸ்பைக்கைத் திருகிக் கழற்றிப் புதுக் காலைப் பூட்டுகிறார். நான்கு மூலை, பிறகு அடுத்த பெட்டி. நிமிர்த்தி வைத்து, கண்ணால் பார்த்தே பழைய கோணத்துக்குத் திருப்பி, வியர்வையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து, அதே பாட்டை மறுபடி போடுகிறார்கள். நடுவில் அரை மணி போயிருக்கும். “ஆஹா, வித்தியாசம் தெரியுதா?” தெரிகிறது, அதைப் பொய் என்று நான் சொல்லவில்லை. எதனால் தெரிகிறது என்று அந்த அறையில் இருக்கிற யாராலும் சொல்ல முடியாது என்கிறேன்.

பெட்டி உயர்ந்துவிட்டது. இது அற்ப விஷயம் அல்ல. வூஃபரின் நடுப்புள்ளி தரையில் இருந்து 60 செ.மீ. உயரத்திலும், கேட்பவரின் காது 1 மீட்டர் உயரத்திலும், இரண்டுக்கும் இடையே 3 மீட்டரும் இருக்கட்டும். நேராக வரும் ஒலி 3.03 மீட்டர் கடக்கிறது; தரையில் பட்டு எழும்பி வருவது 3.40. இந்த 37 செ.மீ. அரை அலைநீளமாக அமைகிற 460 ஹெர்ட்ஸ் வாக்கில் இரண்டும் ஒன்றை ஒன்று தின்று, அங்கே ஒரு பள்ளம் விழும். கால் பொருத்திப் பெட்டி 5 செ.மீ. உயர்ந்தால் வித்தியாசம் 40 செ.மீ. ஆகிறது, பள்ளம் 425 ஹெர்ட்ஸுக்கு நகர்கிறது. குரலின் சதைப்பற்று இருக்கிற பகுதி அது. வழுவழுப்பான டைல்ஸ் தரையில் இந்தப் பிரதிபலிப்பு இன்னும் பலமாக இருக்கும். ஆக, குரல் மாறித்தான் கேட்கும். அதே உயரத்துக்கு நான்கு மரக்கட்டைகளை வைத்திருந்தாலும் இதேபோல் மாறியிருக்கும். ஆனால் மரக்கட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்தவர் யார்?

கட்டையோடு ஒப்பிடாமல் காலைப் புகழ்வது, இரண்டு வேட்டிகளில் எது வெளுப்பு என்று அறிய ஒன்றைக் கடை விளக்கிலும் மற்றதை வாசல் வெயிலிலும் பிடித்துப் பார்ப்பதற்குச் சமம்.

பெட்டியைத் தூக்கி வைக்கும்போது அது இரண்டு மூன்று செ.மீ. நகர்ந்திருக்கும், முகம் திரும்பியிருக்கும். வால்யூம் அதே இடத்தில் இருந்தாலும், தலை முன்னே ஒரு சாண் வந்திருந்தால் காதுக்கு வரும் அளவு மாறும். அரை டெசிபல் கூடினால் அது யாருக்கும் சத்தமாகத் தெரியாது. ‘திறந்த மாதிரி இருக்கு’ என்றுதான் தெரியும். ஒலியின் நுண்மையான சாயலைக் காது நினைவில் பிடித்து வைப்பது சில நொடிகளுக்குத்தான். அரை மணிக்கு முன் கேட்டதில் மிஞ்சுவது அதைப் பற்றிய நம் வர்ணனை மட்டுமே. கண்காட்சிகளில் ஒரே மாடல் ஸ்பீக்கரில் இரண்டு ஜோடியைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, ஒன்றில் மட்டும் தடுப்புக் கால் போட்டு மாற்றி மாற்றி இசைத்துக் காட்டினால், நேரப் பிரச்சினை தீர்ந்தது என்று தோன்றும். ஆனால் பக்கத்தில் நிறுத்திய அந்த நொடியே இரண்டு ஜோடியும் அறையின் வேறு வேறு இடத்தில் நிற்கின்றன. 4 மீட்டர் நீள அறைக்கு 43 ஹெர்ட்ஸில் ஒரு முழக்கம் உண்டு. பெட்டி எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்து அது வீங்கும் அல்லது வற்றும். பாஸ் இறுகியது காலாலா, சுவரில் இருந்து அரையடி தள்ளி நின்றதாலா?

இந்தச் சந்தேகம் என் சொந்தக் குதர்க்கம் அல்ல. ஹார்மன் நிறுவனத்தில் இருந்த ஃபிளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் 1994-இல் தங்கள் நிறுவன ஊழியர்கள் 40 பேரை வைத்தே சோதித்தார்கள். எந்த ஸ்பீக்கர் ஒலிக்கிறது என்று பார்த்துக்கொண்டே மதிப்பெண் போட்டபோது ஒரு கணக்கு வந்தது. திரை போட்டு மறைத்ததும் வேறு கணக்கு வந்தது. அந்த ஆய்வில் என்னை அதிகம் உறுத்துவது இன்னொரு முடிவு. திரைக்குப் பின்னால் அதே ஸ்பீக்கரை அறையில் இடம் மாற்றி வைத்தபோது கேட்டவர்களின் மதிப்பெண் மாறியது. கண்ணுக்குத் தெரிந்தபோதோ அந்த மாற்றம் ஏறக்குறையக் காணாமல் போனது. கண் ஏற்கெனவே தீர்ப்பு எழுதியதால், காதுக்கு வந்த உண்மையான வித்தியாசம்கூட எடுபடவில்லை. அதன் பிறகு கலிஃபோர்னியாவின் நார்த்ரிட்ஜில் ஹார்மன் ஒரு கேட்பறை கட்டியது: கறுப்புத் திரைக்குப் பின்னால் ஸ்பீக்கர்கள் காற்றழுத்தத்தில் நகர்ந்து, சில நொடிகளுக்குள் ஒன்றன் பின் ஒன்றாக அதே இடத்துக்கு வந்து நிற்கும். காதை மட்டும் நம்புவது என்று முடிவெடுத்தவர்களுக்கு அவ்வளவு ஏற்பாடு தேவைப்பட்டது. நம்மவர்கள் அதைச் சோபாவில் உட்கார்ந்தபடி செய்துவிட்டதாகச் சொல்கிறார்கள்.

பழைய கதை ஒன்றும் இருக்கிறது. இன்று கழற்றி எறியப்படும் அதே ஸ்பைக், 1980-களில் ஹைஃபை உலகின் வேதமாக இருந்தது. பெட்டியைத் தரையோடு எவ்வளவு இறுக்கமாகப் பிணைக்கிறோமோ அவ்வளவு நல்லது, கூர்முனை கம்பளத்தைத் துளைத்துக்கொண்டு தளத்தில் இறங்க வேண்டும் என்றார்கள். அதைப் பொருத்தியவர்கள் என்ன எழுதினார்கள்? பாஸ் இறுகியது, ஒலிமேடை விரிந்தது, குரல் பெட்டியை விட்டு வெளியே வந்தது. இப்போது தரையில் இருந்து பெட்டியை முடிந்த அளவு பிரித்து வை என்கிறார்கள். பொருத்தியவர்கள் எழுதுவது பாஸ் இறுகியது, ஒலிமேடை விரிந்தது, குரல் வெளியே வந்தது. ஒன்றுக்கு ஒன்று நேர் எதிரான இரண்டு வைத்தியங்களுக்கும் நோயாளி ஒரே குணத்தைச் சொல்கிறார் என்றால், மருந்தை ஆராய்வதற்கு முன் நோயாளியைக் கேள்வி கேட்கும் முறையை அல்லவா ஆராய வேண்டும்? இந்தக் கேள்வியைக் கால்களின் ஆதரவாளர் யாரிடம் கேட்டாலும், “ஸ்பைக் தப்புன்னு இப்பத்தானே தெரிஞ்சது” என்கிறார். அன்றைக்கும் காதை நம்பித்தானே ஸ்பைக்கை வாங்கினார்கள்?

அமெரிக்க ஒலியியல் எழுத்தாளர் ஈதன் வைனர் இப்படிப்பட்ட தடுப்புகளோடும் இல்லாமலும் மைக் வைத்து அளந்து, சொல்லும்படியான மாற்றம் இல்லை என்று வெளியிட்டார். மைக்கில் பிடிபடாதது காதில் பிடிபடும் என்று உடனே பதில் வந்தது. இருக்கலாம், விவாதத்துக்காக ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் காதை வைத்தே சோதியுங்கள், ஆனால் நிஜமாகவே காதை வைத்து. பொறுமையாகக் கேட்டால்தான் தெரியும், திரை போட்டால் பதற்றம் வந்துவிடும், பத்து முறை கேட்டால் காது களைத்துவிடும் என்றெல்லாம் சாக்கு அடுக்குகிறவர்கள், பெட்டியைப் பிரித்த முதல் சாயங்காலமே பத்து நொடியில் வித்தியாசத்தைக் கண்டுபிடித்ததாகச் சொல்பவர்களும் தாங்களே என்பதை மறந்துவிடுகிறார்கள்.

சோதிப்பதும் கடினமில்லை. ஸ்பிரிங் மேடை வைத்திருப்பவர், ஸ்பீக்கரின் பாரம் ஏறிய நிலையில் மேடையின் மேல்தட்டுக்கும் தரைக்கும் இடையே உள்ள உயரத்தை அளந்து, அதே கனத்தில் தேக்கு ஆப்பு சில செதுக்கிக்கொள்ளட்டும். ஆப்பைச் செருகினால் ஸ்பிரிங் செத்தது, பெட்டி தரையோடு ஒட்டியது. உருவினால் ஸ்பிரிங் உயிர் பெற்றது. உயரம் மாறாது, இடம் மாறாது, முகம் திரும்பாது. மாற்ற ஒரு நிமிடம் போதும். முன்னால் மெல்லிய துணித்திரை ஒன்று, நாணயம் சுண்டிப் போட்டு ஆப்பைச் செருகவோ உருவவோ ஒரு நண்பர். எது என்று அவர் வாய் திறக்கக் கூடாது. முகம் காட்டிக்கொடுக்கும் என்பதால் ஒவ்வொரு முறையும் அறையை விட்டுப் போய்விட வேண்டும். ஒவ்வொரு முறையும் ஆப்பைத் தட்டும் சத்தம் கேட்க வேண்டும், மாற்றாவிட்டாலும் மாற்றியது போல. பத்து முறையில் ஒன்பதாவது சரியாகச் சொல்லிவிட்டால், அது குருட்டாம்போக்கில் நடக்க நூற்றில் ஒரு வாய்ப்புத்தான் உண்டு. நான் வாயை மூடிக்கொள்கிறேன். கால்களைப் புகழ்ந்து எழுதப்பட்டதை எவ்வளவோ படித்தாயிற்று. இப்படி ஒரு ஆப்பைச் செருகிப் பார்த்துவிட்டு எழுதியதாக ஒன்றுகூட இன்னும் என் கண்ணில் படவில்லை.