நிறத்தை எடுத்துவிட்டுப் பார்த்தால்

நண்பர் வீட்டுக் கூடத்தில் நாலடி நீளத்துக்கு ஒரு கடல்நீர்த் தொட்டி இருக்கிறது. அதில் வளரும் பவளங்களை அவர் பல ஆண்டுகளாகப் படமெடுத்து வருகிறார். அவற்றில் இரண்டு படங்களை மட்டும் நான் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். இரண்டிலும் இருப்பது ஒரே பவளம். தொட்டி வளர்ப்பவர்கள் ‘டார்ச்’ என்று சொல்லும் வகை: நீள நீளமான விரல்கள், ஒவ்வொரு விரலின் நுனியிலும் மணி போல ஓர் உருண்டை.

முதல் படத்தில் பவளம் நட்ட நடுவில் முழுசாக இருக்கிறது. பின்னால் பாறை, ஓரத்தில் ஒரு குழாய், எல்லாவற்றின் மேலும் கொட்டிய மை மாதிரி நீலம். பார்த்ததும் வியக்கிறோம், அடுத்த நொடியே கண் நகர்ந்துவிடுகிறது. மூன்று வருடம் கழித்து எடுத்த இரண்டாவது படத்தில் பவளத்தின் பாதிகூட இல்லை. இடது ஓரத்திலிருந்து ஏழு விரல்கள் இருட்டுக்குள் நீள்கின்றன. ஆறு விரல்கள் ஒரே பக்கமாகத் தளர்ந்து கிடக்க, ஏழாவது மட்டும் நுனியில் ஒட்டிய இறால் துணுக்கோடு உள்நோக்கி மடங்குகிறது. மடங்கும் திசையில்தான் வாய் இருக்கிறது. வாய் படத்துக்கு வெளியே. ஆனாலும் கண் அங்கேதான் போகிறது. இது செடியுமில்லை, கல்லுமில்லை, சாப்பிட்டுக்கொண்டிருக்கும் ஒரு பிராணி என்பதை அந்த ஒரு வளைவு சொல்லிவிடுகிறது.

இந்த இரண்டு படங்களுக்கும் நடுவில் அவர் என்ன கற்றுக்கொண்டார் என்று கேட்டேன். “நிறத்தை நம்புறதை விட்டேன்” என்றார்.

பவளம் என்றாலே நமக்கு ஒரு நிறம்தான். துகிர் என்ற பழஞ்சொல்லும் அந்தச் சிவப்பைத்தான் குறிக்கிறது. ஆனால் நகையில் பதிக்கும் செம்பவளத்தில் சிவப்பாக இருப்பது எலும்புக்கூடு. அதன்மேல் வாழ்ந்த உயிர் வெள்ளை. தொட்டியில் வளரும் பாறைப் பவளங்களில் இது தலைகீழ். எலும்பு வெள்ளை, நிறமெல்லாம் மேலே போர்த்திய மெல்லிய சதையில். அந்த நிறத்திலும் பெரும்பகுதி வெறும் சாயம் அல்ல, ஒளிர்வு. சுமார் 450 நானோமீட்டர் நீல ஒளி பட்டதும் சதையிலுள்ள புரதங்கள் அதை வாங்கிக்கொண்டு பச்சையாக, ஆரஞ்சாக, சிவப்பாகத் திருப்பித் தருகின்றன. டிஸ்கோசோமா என்ற காளான் பவளத்திலிருந்து 1999இல் அறியப்பட்ட சிவப்புப் புரதம் இன்று உலகமெங்கும் ஆய்வுக்கூடங்களில் உயிரணுக்களை அடையாளம் காட்டப் பயன்படுகிறது.

கண் இந்த நீலத்துக்குச் சீக்கிரம் பழகிக்கொள்ளும்; கேமராவுக்கு அது வராது. பல கேமராக்களில் ஒயிட் பேலன்ஸ் 10,000 கெல்வினோடு நின்றுவிடுகிறது, தொட்டி விளக்கு அதையும் தாண்டி நிற்கிறது. நீல அலைவரிசை நிரம்பி வழிய, சிவப்பு ஏறக்குறைய காலியாகக் கிடக்கும். இந்தக் கோப்பை எடிட்டிங்கில் இழுத்துச் சரிசெய்யப் போனால் புள்ளி புள்ளியாக இரைச்சல்தான் மிஞ்சும். அதனால் லென்ஸின் முன்னாலேயே ஆரஞ்சு ஃபில்டர் போட்டு நீலத்தை மட்டுப்படுத்துகிறார், ரா கோப்பாக எடுக்கிறார். லைட்ரூம் என்ற எடிட்டிங் மென்பொருளில் வெப்பநிலை 50,000 கெல்வின் வரை போவதால் மிச்சத்தை அங்கே சரிசெய்ய இடமிருக்கிறது.

ஆனால் படம் உருவாவது அதற்கு முன்னால். ஒருநாள் மாலை கூடவே உட்கார்ந்து பார்த்தேன். முதலில் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு அலை பம்புகளை நிறுத்திவிட்டு, நீரில் மிதக்கும் துகள்கள் அடங்கும் வரை பத்து நிமிடம் சும்மா இருந்தார். லென்ஸைக் கண்ணாடிக்கு நேர்க்குத்தாக வைத்தார். கொஞ்சம் சாய்ந்தாலும் தடித்த கண்ணாடி ஒளியை வளைத்து, விளிம்புகளில் வண்ணம் பிரிந்து கலங்கிவிடும். பவளத்தை உள்ளது உள்ளபடி அதே அளவில் சென்சாரில் விழவைக்கும்போது, எஃப் 8இல் தெளிவாக நிற்கும் ஆழம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். அந்த ஒரு மில்லிமீட்டரை எங்கே வைப்பது என்பதில்தான் கலைஞன் தெரிகிறான். வாயிலா, விரல் நுனியிலா, நடுவிலுள்ள வரியிலா? எல்லாவற்றையும் கேட்கிறவனுக்கு எதுவும் கிடைப்பதில்லை.

ஜோவாந்தஸ் என்ற பொத்தான் பவளத்தை அவர் எடுத்த விதம் எனக்கு இன்னும் பிடிக்கும். புள்ளி வைத்த கோலம் போல நெருங்கிப் பூத்த வட்டங்கள். அப்படியே எடுத்தால் அழகான துணி மாதிரி இருக்கும், அவ்வளவுதான். எல்லாம் விரிந்திருக்க ஒன்று மட்டும் மூடியிருந்த மூலையைத் தேடிப் பிடித்தார். மூடிய அந்த ஒன்றால்தான் மற்றவை திறந்திருப்பதே தெரிகிறது.

எடிட்டிங்கில் அவர் முதலில் செய்வது சாச்சுரேஷனைப் பூச்சியத்துக்குக் கொண்டுபோவது. கறுப்பு வெள்ளையில் அந்தப் படம் நிற்கிறதா? விரல்களின் போக்கும் நிழலின் ஆழமும் கண்ணைப் பிடித்து வைக்கின்றனவா? இல்லையென்றால் படத்தைக் கழித்துவிடுகிறார், எவ்வளவு பளபளத்தாலும் சரி. இந்தச் சோதனையைப் பார்க்கும்போது எனக்கு வில்லியம் சாவில்-கென்ட் நினைவு வரும். ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டைப் பற்றி அவர் 1893இல் வெளியிட்ட புத்தகத்தில், நீர் வடிந்த நேரத்தில் வெளியே தெரியும் பவளங்களின் ஒளிப்படங்கள் இருக்கின்றன. அவற்றில் வண்ணம் துளிகூட இல்லை. ஆனால் கொம்புகளும் மடிப்புகளும் அடுக்குகளும் இன்றும் நம்மை நிறுத்திவைக்கின்றன.

தேர்ந்த படத்துக்கு நிறத்தைத் திரும்பக் கொண்டுவரும்போது மடிக்கணினியைத் தொட்டியின் பக்கத்திலேயே வைத்துக்கொள்கிறார். பவளத்தைப் பார்க்கிறார், திரையைப் பார்க்கிறார், மறுபடி பவளத்தைப் பார்க்கிறார். மிதக்கும் துகளை அழிப்பார். சதை விலகி எலும்பு தெரியும் வெள்ளை ஓரத்தை அழிக்கமாட்டார், அது அந்த உயிரின் நிலைமை. பச்சையை மஞ்சளாக்கமாட்டார். பவளம் விற்கிற சிலர் ஸ்லைடரை முட்டும் வரை தள்ளி, கடலில் இல்லாத நிறத்தில் படம் போடுகிறார்கள். அப்படி ஒன்றைப் பார்த்து நான் வாங்கியது வீட்டுக்கு வந்தபோது சாதாரணப் பழுப்பு. பணத்தைவிட, அந்தப் பழுப்பின் அழகை ஒரு மாதம் என்னால் பார்க்கவே முடியாமல் போனதுதான் எனக்கு வருத்தம்.

டேனியல் ஸ்டூபின் 2014இல் வெளியிட்ட ‘ஸ்லோ லைஃப்’ என்ற மூன்றரை நிமிடப் படத்தையும் அந்த மாலையில் மறுபடி பார்த்தோம். சுமார் ஒன்றரை லட்சம் ஒளிப்படங்களைக் கோத்து, அசையாதவை என்று நாம் நினைக்கும் பவளங்கள் உப்புவதையும் சுருங்குவதையும் அவர் காட்டுகிறார். என் நண்பரின் படத்தில் ஓட்டம் கிடையாது. அந்த மடங்கிய விரல் ஒன்றே போதும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அன்று படமெடுத்து முடித்ததும் பம்பைப் போட்டார். தளர்ந்து கிடந்த விரல்கள் ஒவ்வொன்றாக எழுந்து நீரோட்டத்தின் பக்கம் சாய்ந்தன. இறால் துணுக்கைப் பிடித்திருந்த விரல் மட்டும் இன்னும் மடங்கியே இருந்தது.