ஆற்றுப்படை மரபும் கதிர்காமப் பாதையும்

பத்துப்பாட்டுள் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படை வகையைச் சார்ந்தவை. பொருநர், பாணர், கூத்தர் என வழிப்படுத்தப்படுவோர் பெயரால் ஏனையவை வழங்க, திருமுருகாற்றுப்படை மட்டும் சென்றடையப்படும் தெய்வத்தின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. இது பெயரளவான வேறுபாடு அன்று. வழியும் வழிநடப்போரும் அப்பாட்டில் பெறும் இடத்தையும் இதுவே உணர்த்துகின்றது. கதிர்காமப் பாதயாத்திரையை இலக்கிய நோக்கில் அணுகுவோர்க்கு இவ்வேறுபாடு பயன்படும்.

583 அடிகளைக் கொண்ட மலைபடுகடாம் வழியின் இலக்கியம். நன்னனை நாடிச் செல்லும் கூத்தர்க்கு, பன்றிக்கு வைத்த பொறி, பாம்பு உறையும் குழி, தினைப்புனங் காப்போர் வீசும் கவண்கல், வழுக்கும் பாறை ஆகியன பற்றி அது எச்சரிக்கின்றது. பின்வருவோர் வழிதவறாதிருக்கக் கவர்வழியிற் புல்லை முடிந்து அடையாளமிடுமாறும் கூறுகின்றது. எங்கே எவர் என்ன உணவு தருவர் என்பதும் சொல்லப்படுகின்றது. காலால் நடந்தறிந்தவரின் அறிவு இது. பாணர் முதலியோரை வாய்மொழிக் கலைஞராகக் கண்டு க. கைலாசபதி 1968இல் வெளியிட்ட ஆய்வு, இவ்வறிவு தோன்றிய வாழ்க்கையை விளங்கிக்கொள்ள உதவும்.

317 அடிகளைக் கொண்ட திருமுருகாற்றுப்படையிலோ ஒரு பதிக்கும் மறுபதிக்கும் இடைப்பட்ட வழி இல்லை. பரங்குன்றிலிருந்து அலைவாய்க்கு எவ்வாறு செல்வது, இடையில் எவர் சோறிடுவர் என்பவற்றை நக்கீரர் கூறவில்லை. ஆயினும் குறிஞ்சி மக்களின் வெறியாட்டை விரித்துரைக்கும் அவர், காடும் ஆறும் குளமும் சந்தியும் மன்றமும் முருகன் உறையும் இடங்கள் என்கிறார். எங்கும் உறையும் தெய்வத்திற்கு வழி எதற்கு என வினவலாம். அத்தெய்வம் சந்தியிலும் ஆற்றிலும் உறையுமாயின் வழியே கோயிலாகும் என்பதும் அக்கூற்றின் பொருளே. பாட்டு கூறாது விட்ட இப்பொருளை நடந்து காட்டுவது பாதயாத்திரை.

தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிற் புறப்படும் அடியார் முல்லைத்தீவு, வெருகல், மட்டக்களப்பு, மண்டூர், திருக்கோவில், பொத்துவில் எனக் கிழக்குக் கரையோரமாக நடந்து உகந்தையை அடைவர். அப்பால் கூமுனையும் கும்புக்கன் ஆறும் யாலைக் காடும். இறுதியில் மாணிக்க கங்கை. தமிழர், முஸ்லிம்கள், கரையோர வேடர், சிங்களவர் ஆகியோர் வாழும் நிலப்பரப்பு இது. முன்னர்ச் சென்றுவந்த மூத்தோர் புதியோரை அழைத்துச் செல்கின்றனர். பயன் பெற்றவர் பெறாதவரை வழிப்படுத்தும் ஆற்றுப்படையின் அடிப்படைச் சூழல் இங்கு உயிருடன் இருக்கின்றது. வழியில் யாவரும் ஒருவரையொருவர் 'சாமி' என்றே விளிப்பதால் ஊரும் குலமும் சிறிது காலத்துக்கேனும் பின்தள்ளப்படுகின்றன.

ஆனால் நாம் ஓதிப் போற்றும் பாடல்கள் இவ்வழியைப் பெரும்பாலும் அறியா. அருணகிரிநாதர் கதிர்காமத்தின்மீது பாடிய திருப்புகழ்ப் பாக்களும் பதியையும் பதியில் உறைவோனையுமே பாடுகின்றன. பக்திக்கு அடைவிடமே முதன்மையானது, வழியைப் பாடுவது அதன் வேலையன்று எனச் சிலர் கூறுவர். இக்கூற்றில் நியாயமுண்டு, ஒரு பாவகையை அது மேற்கொள்ளாத நோக்கத்தைக் கொண்டு பழித்தல் திறனாய்வாகாது. எனினும் வழியை மறக்கும்போது அவ்வழியில் வாழும் மக்களும் மறக்கப்படுகின்றனர் என்பதைச் சுட்டாது விடுதலும் திறனாய்வாகாது.

இக்குறை மலைபடுகடாத்திலும் ஒரு வகையில் உண்டு. நன்னனின் கூத்தர் என்று கூறினால், மலைச் சிற்றூர் வீடுகளிற் சொந்த வீட்டிற் போலப் புகலாம் என்கிறது அப்பாட்டு. தினைச்சோற்றைத் தருபவன் கானவன். புகழ் சேர்வது நன்னனுக்கு. கதிர்காம வழியிலும் ஏழைக் கமக்காரனும் மீனவனும் தம் அடுப்பிற் சமைத்ததைப் பகிர, 'முருகன் படியளந்தான்' என்று கூறி நடக்கின்றோம். இவ்வாறு கூறுவது நம்பிக்கைக்குப் போதுமானது. இலக்கியத்திற்குப் போதாது. படியளந்த கை எவருடையது என்று இலக்கியம் கேட்டாகவேண்டும்.

இக்கேள்வி இன்று அவசரமானதும் ஆகும். 1983இல் மூண்ட போர் வடக்கிலிருந்து செல்லும் வழியைத் துண்டித்தது. யாத்திரை கிழக்கில் இடர்களுக்கிடையே தொடரப்பட்டது; 2009இல் போர் முடிவுற்றபின் செல்வச்சந்நிதியிலிருந்தும் அடியார் மீண்டும் நடக்கின்றனர். ஆனால் இடைப்பட்ட ஆண்டுகளில் வழியறிந்த முதியோர் பலர் மறைந்தனர். வழியோரச் சிற்றூர்கள் பல இடம்பெயர்ந்தன. எந்தத் துரவில் நன்னீர் கிடைக்கும், எந்த மரத்தடியில் இரவு தங்கலாம் என்னும் அறிவு ஏட்டில் இருந்ததன்று. சொல்வோர் மறைய அதுவும் மறையும்.

ஆதலின் தமிழ் பயிலும் மாணவர்முன் ஒரு பணி உண்டு. யாத்திரிகரின் நடைப்பாடல்களையும், வழியூர் மக்களின் நினைவுகளையும், இடப்பெயர்களையும் அவரவர் பேச்சுமொழியிலேயே திரட்டுதல் வேண்டும். திருமுருகாற்றுப்படையின் தெய்வ உணர்வும் மலைபடுகடாத்தின் வழியறிவும் ஒன்றிய ஆற்றுப்படை ஒன்று ஈழத்தில் எழுதப்படுமாயின், அதன் பாட்டுடைத் தலைமை அடியார்க்குச் சோறிட்ட ஊர்களுக்கே உரியது. அதுவரை, கவர்வழியிற் புல் முடிந்து வைக்கும் வேலையையேனும் நாம் செய்வோமாக.