சட்டகத்துக்கு வெளியே நின்றவர்கள்

நார்மன் ராக்வெல் பெயரைச் சொன்னாலே நவீன ஓவியம் தெரிந்தவர்கள் லேசாகச் சிரிப்பார்கள். பத்திரிகைக்குப் படம் போட்டவர், சர்க்கரை கொஞ்சம் தூக்கல் என்பது அந்தச் சிரிப்புக்கு அர்த்தம். அவரைப் பிடித்தவர்களைக் கேட்டால் ‘அமெரிக்காவின் மனசாட்சி’ என்பார்கள். எனக்கு இரண்டுமே ஒப்பவில்லை. 1964 ஜனவரி 14 தேதியிட்ட ‘லுக்’ பத்திரிகையில், இரண்டு பக்கங்களை நிறைத்து வந்த அவருடைய ஒரு படத்தை நிதானமாகப் பார்த்தால் இந்தச் சண்டையே வேறு மாதிரி ஆகிவிடும். ‘நாம் எல்லாரும் கூடவே வைத்து வாழும் பிரச்சினை’ என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம்.

ஆறு வயதுக் கறுப்பினச் சிறுமி ஒருத்தி நடந்து போகிறாள். வெள்ளை கவுன், வெள்ளைக் காலுறை, வெள்ளைச் சப்பாத்து. கையில் அடிக்கோல், நோட்டுப் புத்தகம். முன்னே இரண்டு பேர், பின்னே இரண்டு பேர், எல்லாரும் கூட்டரசு மார்ஷல்கள். பின்னால் இருக்கும் சுவரில் கறுப்பரை இழிக்கும் ஒரு சொல் கிறுக்கப்பட்டிருக்கிறது. அதன் பக்கத்தில் யாரோ எறிந்த தக்காளி சிதறி வழிகிறது. 1960 நவம்பரில், நியூ ஆர்லியன்ஸ் நகரில், அதுவரை வெள்ளைப் பிள்ளைகள் மட்டுமே படித்த வில்லியம் ஃபிரான்ட்ஸ் தொடக்கப்பள்ளிக்கு ரூபி பிரிட்ஜஸ் போன காட்சிதான் இது. பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்ன 1954ஆம் ஆண்டில் பிறந்தவள் ரூபி. அந்தத் தீர்ப்பு அவள் பள்ளி வாசலுக்கு வந்து சேர அவளுக்கு ஆறு வயது ஆக வேண்டியிருந்தது.

படத்தில் மார்ஷல்கள் யாருக்கும் தலை இல்லை. தோளோடு சட்டகம் முடிந்துவிடுகிறது. தக்காளி எறிந்த கூட்டமும் இல்லை. நான் தினமும் பொறியியல் வரைபடங்களோடு மாரடிப்பவன். ஒரு கட்டடத்தை எந்த இடத்தில் வெட்டிக் காட்டுகிறோம் என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. ராக்வெல் இங்கே வெட்டியிருக்கும் இடத்தைப் பாருங்கள். தக்காளி சுவரில் அடித்திருக்கிறது என்றால் எறிந்தவன் சுவருக்கு எதிரே நின்றிருக்க வேண்டும். அங்கே இப்போது நிற்பது நாம். அன்றைக்கு அங்கே நின்றவர்கள், வீட்டு சோபாவில் ‘லுக்’ பத்திரிகையை விரித்து வைத்திருந்த லட்சக்கணக்கான வெள்ளை நடுத்தர வர்க்கத்தினர்.

இந்த வாசகர்களை அவருக்கு நன்றாகத் தெரியும். ‘சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்’ பத்திரிகைக்கு 47 வருடங்களில் முந்நூறுக்கும் மேற்பட்ட அட்டைகள் வரைந்து, 1963இல்தான் அதைவிட்டு விலகினார். கறுப்பர்களை வரையலாம், ஆனால் வேலைக்காரர்களாக மட்டும் என்பது அங்கே இருந்த விதி. அந்த விதிக்குள் இருந்துகொண்டுதான் 1943இல் ‘நான்கு சுதந்திரங்கள்’ வரிசையை வரைந்தார். அதில் பெரிய வான்கோழியோடு குடும்பம் சாப்பிட உட்காரும் படம் உலகப் புகழ் பெற்றது. மேசை விரிப்பு வெள்ளை, தட்டு வெள்ளை, திரைச்சீலை வெள்ளை, மேசையைச் சுற்றி இருப்பவர்களும் வெள்ளையர்கள். ரூபியின் கவுனில் இருப்பது அதே வெள்ளை, அதே கைப்பழக்கம். அவர் திடீரென்று மாறிப்போனார் என்று எழுதுகிறார்கள். தொழில்நுட்பத்தில் அவர் ஒரு துளியும் மாறவில்லை. அந்த வாசகர்கள் நம்பிய மொழியிலேயே அவர்களுக்குப் பிடிக்காத சேதியைச் சொன்னார், அவ்வளவுதான். புதுப் பாணியில் வரைந்திருந்தால் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போயிருப்பார்கள்.

சரி, இதில் எனக்கு இடிக்கிற விஷயமும் ஒன்று இருக்கிறது. கூட்டத்தை வரையாமல் விட்டது நம்மை அங்கே நிறுத்துகிறது என்பது உண்மை. தப்பிக்க வழியும் விடுகிறது. அந்தப் பள்ளி வாசலில் தினமும் கூடிக் கத்தியவர்களில் நிறையப் பேர் பெண்கள், பிள்ளை பெற்ற தாய்மார்கள். ஜான் ஸ்டைன்பெக் நேரில் போய்ப் பார்த்து 1962இல் வந்த தன் பயண நூலில் அவர்களை அருவருப்போடு எழுதியிருக்கிறார். ராக்வெல் படத்தில் அந்த முகங்கள் இல்லை. ஆகவே ‘நான் அந்த மாதிரி ஆள் இல்லப்பா’ என்று யார் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம். சிறுமியும் அழுக்கே படாத சின்னமாகிவிட்டாள். வெள்ளைப் பெற்றோர்கள் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டதால் அந்த வருடம் முழுக்க அவள் ஓர் ஆசிரியையோடு தனியாகவே படித்தாள். அந்தத் தனிமை இந்தப் படத்துக்குள் வரவில்லை.

இங்கே ஜேக்கப் லாரன்ஸ் ஞாபகத்துக்கு வருகிறார். தெற்கிலிருந்து வடக்குக்குக் கறுப்பர்கள் குடிபெயர்ந்த கதையை 60 சின்னப் பலகைகளில் வரைந்து 1941இல் முடித்தபோது அவருக்கு வயது 23. எல்லாப் பலகைகளையும் வரிசையாக வைத்து, ஒரு நிறத்தை எடுத்தால் அது வரவேண்டிய பலகைகள் எல்லாவற்றிலும் பூசிவிட்டுத்தான் அடுத்த நிறத்துக்குப் போவாராம். (ஆலையில் வேலை பார்ப்பவர்களுக்கு இது புரியும்.) 15ஆவது பலகை கும்பல் கொலை பற்றியது. கொன்றவர்கள் இல்லை, கொல்லப்பட்டவரும் இல்லை. ஒரு கிளை, காலியான சுருக்குக்கயிறு, பக்கத்தில் குறுகி உட்கார்ந்திருக்கும் ஓர் உருவம். இவரும்தான் குற்றவாளியைச் சட்டகத்துக்கு வெளியே விட்டார். ஆனால் நம்மைக் குற்றவாளியின் இடத்தில் நிறுத்தவில்லை, அழுகிறவர் பக்கத்தில் உட்கார வைத்தார். ராக்வெல் வெள்ளையரிடம் பேசினார். லாரன்ஸ் தன் சனங்களின் கதையை அவர்களுக்குள் இருந்து சொன்னார். எனக்கு லாரன்ஸ்தான் பெரிய ஓவியர். ஆனாலும் ‘லுக்’ வாசகனின் சோபா வரைக்கும் போய்த் தொந்தரவு செய்தது ராக்வெல்தான்.

1964இல் மிசிசிப்பியில் மூன்று சிவில் உரிமை ஊழியர்கள் கொல்லப்பட்டார்கள். மறு வருடம் ராக்வெல் அதை வரைந்தார். அதிலும் கொலையாளிகள் இல்லை, அவர்களுடைய நிழல்கள் மட்டும் தரையில் விழுகின்றன. 71 வயதில் மெனக்கெட்டு எண்ணெய் வண்ணத்தில் முழு ஓவியமாகவே முடித்துக் கொடுத்தார். ‘லுக்’ ஆசிரியர்கள் அதை ஒதுக்கிவிட்டு, அதற்கு முன்னால் அவர் அவசரமாகப் போட்டிருந்த முன்வரைவை அச்சிட்டார்கள். என் ஓட்டும் முன்வரைவுக்குத்தான். சட்டையின் மடிப்புகளை ஒவ்வொன்றாக இழைத்து அழகாக்க அதில் அவருக்கு நேரம் கிடைக்கவில்லை.