துன்பமும் பயணமும்: ‘இரட்சணிய யாத்திரிகம்’ பற்றிச் சில எண்ணங்கள்

பிற சமயத்தார் துன்பத்தை எவ்வாறு நோக்குகின்றனர் என்பதை அறிய, அவர்தம் தத்துவ நூல்களைவிட இலக்கியங்களே நமக்குப் பெரிதும் துணை செய்கின்றன. தத்துவ நூல் துன்பத்துக்குக் காரணம் கூறும்; இலக்கியமோ துன்பத்தில் நிற்கும் மனிதனைக் காட்டும். அவ்வகையில் நாம் படித்துப் பார்க்க வேண்டிய கிறிஸ்தவக் காப்பியம், எச். ஏ. கிருஷ்ண பிள்ளையின் ‘இரட்சணிய யாத்திரிகம்’. சீறாப்புராணத்தில் தோய்ந்த செவிக்கு அதன் விருத்தங்கள் அந்நியமாக ஒலிக்கமாட்டா.

நெல்லைச் சீமையில் கரையிருப்பில் 1827இல் வைணவக் குடும்பத்தில் பிறந்து, 1858இல் கிறிஸ்தவம் தழுவியவர் கிருஷ்ண பிள்ளை. அவரது காப்பியம் 1894இல் வெளிவந்தது. அதற்கு மூலம், ஆங்கிலேயரான ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட ‘பில்கிரிம்ஸ் புரோகிரஸ்’ என்னும் உரைநடை நூல்.

பனியன் பெரும் கல்விமான் அல்லர். பாத்திரங்களின் ஓட்டையை அடைத்துப் பிழைத்த தொழிலாளி. அரசின் அனுமதியின்றிப் பிரசங்கம் செய்தார் என்று 1660இல் பிடிபட்டு, ஏறத்தாழ 12 ஆண்டுகள் பெட்போர்டு நகரச் சிறையில் இருந்தார். இனிப் பிரசங்கிப்பதில்லை என்று வாக்களித்திருந்தால் வெளியே வந்திருக்கலாம், அவர் வாக்களிக்கவில்லை. சிறையில் காலணி நாடாக்கள் செய்து விற்றுக் குடும்பத்துக்கு உதவினார். பார்வையற்ற மகளைப் பிரிந்த வேதனையை 1666இல் வெளியிட்ட தன்வரலாற்று நூலில் மறைக்காமல் எழுதியுள்ளார்.

துன்பத்தை அறிந்த அக்கைதான் இக்கதையையும் எழுதிற்று. முதுகில் பாவச் சுமையுடன் ஒருவன் வான் நகரை நோக்கிப் புறப்படுகிறான். நம்பிக்கையிழப்பு என்னும் சேற்றில் விழுகிறான். இடர் என்னும் மலையில் முதலில் ஓடி, பின்பு நடந்து, முடிவில் கைகளாலும் முழங்கால்களாலும் ஊர்ந்து ஏறுகிறான். ஐயக் கோட்டையில் அரக்கனிடம் சிறைப்பட்டு அடியுண்ட பின்னரே, பூட்டைத் திறக்கும் சாவி தன் மடியிலேயே இருந்தது நினைவுக்கு வருகிறது. அச்சாவியின் பெயர் வாக்குறுதி. இடர்கள் வழியை விட்டு விலகியோர்க்கு மட்டும் நேர்வன அல்ல. நேர்வழியே அவற்றின் ஊடாகத்தான் செல்கிறது என்பது பனியன் காட்டும் உண்மை.

மூலத்தில் சிலுவையண்டை வந்ததும் சுமை தானே கழன்று விழுகிறது. அக்காட்சி மிகச் சுருக்கமானது. கிருஷ்ண பிள்ளையோ ஏசு பட்ட பாடுகளையே விரிவாகப் பாடிச் சேர்க்கிறார். இது வெறும் வருணனை ஆசை அன்று. தாம் தொழும் இறைவனே துன்பத்தில் பங்குகொண்டான் என்பதே துயருறும் கிறிஸ்தவரின் ஆறுதல். அந்த அச்சாணியைக் கவிஞர் சரியாக இனங்கண்டிருக்கிறார். சிலுவைச் செய்தியில் நம் கொள்கை வேறு. திருக்குர்ஆன் அதனை ஏற்கவில்லை. அவ்வேற்றுமையை மறைத்துவிட்டுப் பாராட்டுவது நேர்மையாகாது. அதனைச் சொல்லிவிட்டே நூலின் சிறப்பையும் சொல்கிறோம்.

குறையும் சொல்லவேண்டும். கம்பனில் தோய்ந்த கிருஷ்ண பிள்ளையின் நடைச் செல்வம், பாத்திரத் தொழிலாளியின் எளிய பேச்சிலிருந்த நெருக்கத்தைச் சிற்சில இடங்களில் மூடிவிடுகிறது. மூலத்திலும் நம்மை உறுத்துவது ஒன்று உண்டு. மனைவியும் மக்களும் கதறியழைக்க, காதுகளைப் பொத்திக்கொண்டு யாத்திரிகன் ஓடுகிறான். குடும்பத்தாரின் கண்ணீரைக் கடந்து ஓடுவதை ஈமானின் அடையாளமாக நாம் கொள்ள இயலாது. 1684இல் வெளிவந்த இரண்டாம் பாகத்தில் அம்மனைவியும் மக்களும் புறப்படுகின்றனர்; ஊன்றுகோலுடன் நடப்பவருக்காகவும் உள்ளம் நலிந்தவருக்காகவும் கூட்டம் நின்று செல்கிறது. முதற் பாகத்தின் குறை இங்கே பெருமளவு நேர்செய்யப்படுகிறது.

இந்நூலில் நாம் ஊன்றிக் கவனிக்கத்தக்க இடம் இறுதி ஆறு. அத்தனை இடர்களையும் வென்று வந்தவன் மரண ஆற்றில் அஞ்சி மூழ்குகிறான். உடன் வந்த தோழன் அவன் தலையை நீருக்குமேல் தாங்கிப் பிடிக்கிறான். நம்பிக்கையாளனும் நடுங்குவான் என்பதை ஒப்புக்கொள்ளும் துணிவு இங்கே இருக்கிறது.

நம் இல்லங்களில் இழப்பு நேரும்போது, “சபுர் செய்யுங்கள்” என்னும் சொல் சில வேளைகளில் அழுபவரின் வாயை அடைக்கவே பயன்படுகிறது. மகனைப் பிரிந்த யஃகூப் நபி (அலை) அவர்களின் கண்கள் துயரத்தால் வெளுத்துப் போயின. அவர்கள் தம் துயரை அல்லாஹ்விடம் முறையிட்டார்கள். நோயுற்ற அய்யூப் நபி (அலை) அவர்களும் அவனையே அழைத்தார்கள். அக்கண்ணீரும் முறையீடும் அவர்களின் பொறுமைக்கு மாறாக எண்ணப்படவில்லை. பொறுமையை எடுத்துச் சொல்லும் கடமை நமக்கு உண்டு. சொல்பவர், ஆற்றில் தாங்கிப் பிடித்த அத்தோழனைப் போல அருகிலும் நிற்கவேண்டும்.