நன்னூலார் விலக்கிய மாணாக்கர்

தமிழிலக்கண நூல்களுள் கற்பித்தற் கலையைத் தனியே எடுத்து வைத்து விரித்துரைக்கும் சிறப்பு நன்னூற் பொதுப்பாயிரத்திற்கு உண்டு. நூலின் இயல்பு, ஆசிரியர் இயல்பு, பாடஞ்சொல்லும் முறை, மாணாக்கர் இயல்பு, பாடங்கேட்கும் முறை என ஐந்தனையும் அது நிரல்பட மொழிகின்றது. சீயகங்கன் வேண்டப் பவணந்தி முனிவர் இந்நூலை யாத்து ஏறத்தாழ 800 ஆண்டுகள் ஆகின்றன. இன்றும் தமிழ் பயில்வார் இதனைப் பாடமாகக் கற்கின்றனர். ஆசிரியப் பணிக்குச் செல்வாருட் பலர், மாணாக்கன் யாவன் என்னும் வினாவிற்குத் தமிழ்மரபு தரும் விடையை முதற்கண் அறிவது இதன் வழியாகவே. ஆகலின் இப்பகுதியை வெறும் பழஞ்செய்தியாகக் கருதி விட்டுவிடுதல் இயலாது. அனைத்துக் குழந்தைகட்கும் ஒரே வகுப்பறையில் இடம் வேண்டும் என்று சட்டமே கூறும் இந்நாளில், நன்னூலார் யாரை விலக்கினார், ஏன் விலக்கினார், அவ்விலக்கு அவர்தம் நூலின் பிற கூற்றுகளோடு பொருந்துமா என ஆராய்தல் கடனாகின்றது.

பாடம் சொல்லலாகாது என நன்னூலார் ஒதுக்குவோர் பதினைவர். கள்ளுண்டு களிப்பவன், கள்வன், காமுகன், வஞ்சகன் ஆகியோர் அவருள் அடங்குவர். இவர்பால் ஒழுக்கக்கேடு உண்டு என்பது வெளிப்படை. ஆனால் அதே அடைவில் பிணியன் இருக்கின்றான், மந்தன் இருக்கின்றான், ஏழை இருக்கின்றான், பழைய நூல்களைக் கண்டஞ்சி உள்ளம் தடுமாறுபவனும் இருக்கின்றான். மந்தன் என்பான் அறிவுக்கூர்மை இல்லாதவன். ஏழை என்னும் சொல் பழந்தமிழில் பொருளிலானை மட்டுமன்றி அறிவிலானையும் குறிக்கும். இவர் செய்த தவறு யாது? நோயுற்றது தவறா? மெல்லக் கற்பது தவறா? களவு செய்தானையும் காய்ச்சலுற்றானையும் ஒரே பட்டியலில் நிறுத்துவது, செயலையும் நிலையையும் வேறுபடுத்தாத குற்றத்திற்கு உள்ளாகின்றது. 'மந்தன்' என்பதற்குச் சற்று அப்பால் 'பாவி' என்பது வருவதைக் காண்போர், முன்னதன் நிழல் பின்னதன்மேற் படிவதையும் பின்னதன் நிழல் முன்னதன்மேற் படிவதையும் உணராதிரார். அந்நிழல் இன்னும் நம் வகுப்பறைகளில் நிற்கின்றது. எழுத்துக் கூட்டி வாசிக்கத் திணறும் சிறுவனைச் சோம்பேறி என்று ஏசுகின்ற ஆசிரியர், அறியாமலேயே அப்பழம் பட்டியலைப் படித்துக்கொண்டிருக்கின்றார்.

இதற்கு ஒரு விடை கூறப்படும். நன்னூலார் பேசுவது அரிச்சுவடிக் கல்வியைப் பற்றி அன்று. இலக்கணமாகிய உயர்கல்வியைப் பற்றியே. ஓராசிரியன் தன்னிடம் வருவாருள் தகுதியுடையாரைத் தேர்ந்துகொள்ளும் அக்காலக் கல்விமுறைக்கு அது பொருந்தும் என்பர். இவ்விடை ஓரளவு ஏற்கத்தக்கதே. யார்க்கு நூல் உரைக்கலாம் என்னும் நூற்பாவில் தன் மகன், ஆசிரியன் மகன், அரசன் மகன், மிக்க பொருள் கொடுப்பவன் என்போர் முதற்கண் வைக்கப்படுதலும், சொல்வதைக் கொள்ளும் ஆற்றலுடையான் இறுதியில் வருதலும் அக்காலச் சூழலை நன்கு காட்டும். பிறப்பும் பொருளும் கதவைத் திறந்த காலம் அது. ஆனால் அங்ஙனமாயின், அப்பட்டியலை அக்காலத்தோடு நிறுத்தல் வேண்டும். பொதுக்கல்விக்கு அளவுகோலாக ஏற்றிக் கூறலாகாது.

காலத்தின்மேற் பழி சுமத்தி ஆய்வை முடிப்பதும் முறையன்று. நூலுக்குள்ளேயே முரண் உண்டு என்பதே ஈண்டு யாம் நிறுவ விழைவது.

முதலாவது, மாணாக்கர்க்குக் கூறப்பட்ட எண்வகை உவமைகளை நோக்குக. அன்னமும் ஆவும் தலைமாணாக்கர்க்கு. மண்ணும் கிளியும் இடைமாணாக்கர்க்கு. ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி ஆகியன கடைமாணாக்கர்க்கு. ஓட்டைக்குடத்தில் வார்த்த நீர் நில்லாது. நெய்யரியோ நெய்யை விட்டுக் கசடைப் பற்றும். இங்ஙனம் கேட்டதை மறப்பவனும், நல்லதை விட்டு அல்லதைக் கொள்பவனும் கடைநிலையினரேயாயினும் மாணாக்கர் என்னும் பெயரை இழக்கவில்லை. அவ்வாறாக, மந்தன் மட்டும் வாயிலிலேயே தடுக்கப்படுவது எவ்வாறு? ஓட்டைக்குடத்திற்கும் மந்தனுக்கும் இடையே கோடு எங்கே கிழிப்பது? நூற்பாக்களில் இதற்கு விடை இல்லை. எருமை என்னும் உவமை வசைச்சொல்லாகப் பள்ளிகளில் நிலைபெற்றுவிட்டது என்பதை இடையே குறிப்பிடலாம்; ஆயின் குளத்தைக் கலக்கினும் எருமைக்கு நீர் மறுக்கப்படவில்லை என்பதை ஏசுவோர் மறந்துவிட்டனர்.

மண் என்னும் உவமை இன்னும் நுண்ணியது. உழவனின் முயற்சி எவ்வளவோ அவ்வளவே நிலம் விளையும். அதுபோல ஆசிரியனின் முயற்சியளவிற்கு இம்மாணாக்கன் பயன் தருவான் என்பது கருத்து. எனவே விளைவு குறைந்தவிடத்து நிலத்தை மட்டும் நொந்துகொள்ள வழியில்லை. நன்னூலாரும் ஆசிரியர் அனைவரையும் போற்றினார் அல்லர். பருத்தியை அடைத்துவைத்த குண்டிகைபோல் அரிதின் வாங்கி அரிதின் விடுவோரையும், ஏறிப் பறிக்க விடாத மடற்பனை போல்வாரையும் ஆசிரியர் ஆகாதார் என்றே ஒதுக்கினார். மாணாக்கர் பட்டியலை நினைவில் வைத்துள்ள நாம் இப்பட்டியலை அத்துணை நினைவில் வைத்தோமில்லை.

இரண்டாவது, பாடஞ்சொல்லும் முறையைக் கூறும் நூற்பா. காலமும் இடமும் நோக்குதல், சொல்லும் பொருளை உள்ளத்தில் அமைத்தல், விரையாமை, வெகுளாமை, முகமலர்ச்சி என்பவற்றைக் கூறிவிட்டு, கற்பவன் கொள்ளும் வகையை அறிந்து அவன் உள்ளம் கொள்ளுமாறு கொடுத்தல் வேண்டும் என்கின்றது. இப்பகுதியின் உயிர்நாடி 'கொள்வகை' என்னும் ஒரு சொல்லே எனலாம். ஒவ்வொருவனும் கொள்ளும் வகை வேறு. அதனை அறிய வேண்டியவன் ஆசிரியன். உள்ளடக்கிய கல்வி எனப்படும் இக்காலக் கொள்கையின் உட்பொருளும் இதுவே. இந்நூற்பாவை ஒருவன் முழுதும் கைக்கொள்வானாயின், மந்தனை விலக்க அவனுக்குக் காரணமே இராது. மெல்லக் கொள்வதும் ஒரு கொள்வகை அன்றோ?

அந்தகக்கவி வீரராகவ முதலியார் பிறவியிலேயே கண்பார்வை அற்றவர். தம் முதுகில் எழுத்துகளை எழுதச்செய்து அவர் கல்வி பயின்றார் என்று செவிவழிச் செய்தி வழங்குகின்றது. அச்செய்தியின் மெய்ம்மையை வரையறுத்தல் அரிது. எனினும் அதனைப் பேணிவந்த தமிழ் மக்களின் உள்ளம் மதிக்கத்தக்கது. சேயூர்க் கலம்பகமும் சந்திரவாணன் கோவையும் பாடிய புலவரைப் போற்றுவார் பலர். முதுகை ஏடாக்கிக்கொண்ட கற்பித்தற் முறையைப் பேசுவார் சிலரே. கண் கொள்ளாததைத் தோல் கொள்ளும் என்று கண்டது கொள்வகை அறிதலின் தெளிவான எடுத்துக்காட்டு.

இவ்விடத்து ஓர் எச்சரிக்கை. உடற்குறையைப் பற்றிப் பேசுங்கால், பொறியின்மை பழியாகாது என்னும் கருத்துடைய குறளை மேற்கோள் காட்டுவது மேடைகளில் வழக்கமாகிவிட்டது. அக்குறள் ஆள்வினையுடைமை என்னும் அதிகாரத்தில் உள்ளது; பரிமேலழகர் ஆண்டுப் பொறி என்பதற்கு விதி என்றே பொருள் கொண்டார். உறுப்பு எனக் கொள்வதற்கும் இடமுண்டு எனினும், ஐயத்திற்கிடமான ஒரு சொல்லின்மேல் இத்துணைப் பெரிய மாளிகையை எழுப்புவானேன்? கற்பித்தலைப் பற்றியே பேசும் நன்னூல் நூற்பா கையில் இருக்கின்றது.

மூன்றாவதாகக் கூறுவதே மிக வலிமையுடையது. பாடங்கேட்டலைப் பற்றிய நூற்பாக்களில் நன்னூலார் ஒரு கணக்குத் தருகின்றார். ஆசிரியன் உரைத்ததைச் செம்மையாகக் கொண்டாலும் மாணாக்கன் பெறுவது காற்பங்கே. உடன்பயில்வாரோடு பழகுவதால் மற்றொரு காற்பங்கு கிடைக்கும். எஞ்சிய அரைப்பங்கு பிறர்க்குத் தான் விளங்க உரைப்பதால் வரும். ஒரு குழந்தையை வகுப்பினின்று நீக்கித் தனியே இருத்தினால் அக்குழந்தை இழப்பது என்ன என்பதை இக்கணக்கே காட்டிவிடும். ஆசிரியரை எவ்வளவு நன்கு அமர்த்தினும் அங்குக் கிடைப்பது காற்பங்கு. உடன்பயில்வார் தரும் காற்பங்கும், தான் ஒருவர்க்கு எடுத்துரைக்கும் வாய்ப்பினால் வரும் அரைப்பங்கும் போய்விடும். இழப்பு அக்குழந்தையோடு நிற்பதும் இல்லை. வகுப்பில் எஞ்சியிருப்போர், மெல்லக் கொள்ளும் ஒருவனுக்கு விளங்க எடுத்துரைத்துத் தாம் தெளிவு பெறும் வாய்ப்பை இழக்கின்றனர். விரைந்து கொள்வானிடம் உரைப்பதினும் மெல்லக் கொள்வானிடம் உரைப்பதே உரைப்பவன் அறிவைச் சோதிக்கும் என்பதைக் கற்பிக்கும் தொழிலில் இருப்போர் அறிவர். செவிப்புலன் அற்றோர் சைகைமொழியில் தமக்குள் பழகுதற்குத் தனிப்பள்ளிகள் தரும் நன்மையை யாம் மறுக்கவில்லை. அங்கு உடன்பயில்வார் உளர். யாம் மறுப்பது ஒரே பள்ளியின் கடைசி இருக்கையில் நிகழும் விலக்கையே.

சட்டம் நெடுந்தொலைவு வந்துவிட்டது. 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை ஏற்றது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அவற்றை இருபத்தொன்றாக விரித்தது. வாசித்தலிலும் எழுதுதலிலும் கணக்கிலும் வரும் கற்றல் குறைபாடு இவ்விரிவில் இடம்பெற்றது. 2009இல் இயற்றப்பட்டு 2010இல் நடைமுறைக்கு வந்த கல்வியுரிமைச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள எந்தக் குழந்தைக்கும் பள்ளிக்கதவை அடைக்கவொண்ணாது என்றது. நூல் கண்டு தடுமாறும் உள்ளத்தானைப் பாடிய நூற்பாவில் இக்கற்றல் குறைபாட்டையே நன்னூலார் கண்டார் என்று கூறுவார் உளராயின், அது மிகைபடக் கூறலாம். அவர் கண்டது தடுமாற்றத்தை, காரணத்தை அன்று. காரணத்தை அறியும் வாய்ப்பு நமக்கு வந்துள்ளது.

அவ்வாய்ப்பை நாம் பயன்படுத்தும் முறையில்தான் குறை காண்கின்றோம். பொதுத்தேர்வில் இம்மாணவர்க்குக் கூடுதல் நேரமும், சொல்வதை எழுதும் ஒருவரின் துணையும் தரப்படுகின்றன. இவை வேண்டுவனவே. எனினும் இவை கல்வி முடியுமிடத்துத் தரப்படும் உதவி. தேர்வுக் கூடத்தின் வாயிலில் நிற்பவை. நன்னூலார் கொள்வகை அறிதலை வைத்த இடம் வேறு. ஆசிரியன் வாய் திறப்பதற்கு முன்னர் அது நிகழ வேண்டும் என்பதே அவர் வைப்புமுறை. தமிழ்த்துறைகளின் வினாத்தாள்களில் மாணாக்கர் வகையும் மாணாக்கர் ஆகாதார் வகையும் கேட்கப்படுமிடத்து, அவற்றுக்கு முன்னர் நிற்கும் பாடஞ்சொல்லும் நூற்பாவையும் அவற்றுக்குப் பின்னர் வரும் கால், கால், அரை என்னும் கணக்கையும் உடன் வைத்துக் கேட்டால், விடை எழுதும் மாணவர்க்கே அம்முரண் புலப்படும்.