பித்து யாருக்கு? – ஒரு யூகலிப்டஸ் புத்தகம்

என்.சி. சக்சேனா 1994-ல் எழுதிய 'இந்தியாஸ் யூகலிப்டஸ் கிரேஸ்: தி காட் தட் ஃபெயில்ட்' புத்தகத்தைப் போன வாரம்தான் முடித்தேன். விவசாயி ஏன் மரம் நடுகிறார், அப்புறம் ஏன் அதையே பிடுங்குகிறார் என்பதற்கு நான் படித்ததில் நேர்மையான பதில் இதில்தான் இருக்கிறது. தலைப்புதான் சரியில்லை.

1976-ல் தேசிய விவசாய ஆணையம் சமூகக் காடுகளைப் பரிந்துரைத்தது. கிராமத்துக்கு விறகு ஊரிலேயே கிடைத்துவிட்டால், காட்டை ஆலைகளுக்கு விடலாம் என்பது கணக்கு. விறகுத் தட்டுப்பாடு இருந்தால் ஜனங்கள் தானாக மரம் நடுவார்கள்னு மேலே உட்கார்ந்தவர்கள் நினைத்தார்கள். மேற்கு உ.பி. விவசாயி நட்டார்தான். ஆனால் அடுப்புக்கு இல்லை, விற்பதற்கு. வீட்டில் பழையபடி வறட்டியும் சுள்ளியும்தான் எரிந்தன.

இன்னொரு காரணம் ஆள். கரும்புக்கு வருஷம் முழுக்க ஆள் தேட வேண்டும். தைலமரத்தை ஆடு மாடு கடிக்காது. முதல் ஒன்றிரண்டு வருஷம் பார்த்துக்கொண்டால் போதும், நிலத்துக்காரர் டவுனில் இருக்கலாம். கோலாரில் கேழ்வரகு நிலங்களுக்கு இந்த மரம் வந்தபோது கூலிக்காரர்களுக்கு வேலை போனதும் இதனால்தான். எங்கள் சித்தப்பா சவுக்கு போட்டதற்கும் காரணம் பையன்கள் சென்னைக்குப் போனதுதான். சுற்றுச்சூழலுக்கா சித்தப்பா என்று கேட்டேன், சிரித்தார்.

1980-களின் பிற்பாதியில் விலை விழுந்தது. எல்லோரும் ஒரே சமயத்தில் வெட்டினார்கள். அரசோ காட்டு மரத்தை ஆலைகளுக்கு மலிவாகக் கொடுத்துக்கொண்டிருந்தது. தைலமரம் தண்ணீரை உறிஞ்சுகிறதா என்று பத்திரிகைகளில் சண்டை நடந்தது. வயலில் முடிவெடுத்தது விலைதான் என்கிறார் சக்சேனா. ஒப்புக்கொள்கிறேன்.

அப்படியானால் இதில் பித்து எங்கே இருக்கிறது? உபதலைப்பு, கம்யூனிசத்தில் நம்பிக்கை இழந்த எழுத்தாளர்கள் 1949-ல் வெளியிட்ட தொகுப்பின் பெயர். அவர்கள் நம்பி ஏமாந்தவர்கள். இந்த விவசாயி எதையும் கும்பிடவில்லை. விலை இருந்தபோது நட்டார், போனதும் பிடுங்கினார். எத்தனை பேர் நடுகிறார்கள் என்பது அவருடைய வரப்பிலிருந்து தெரியாது. நாற்றங்காலிலிருந்து எத்தனை கன்று போனது என்ற கணக்கு அரசிடம் இருந்தது. ஏழெட்டு வருஷம் கழித்து எவ்வளவு மரம் சந்தைக்கு வரும் என்று கூட்டிப் பார்க்க அவர்களால் முடிந்திருக்கும். இவ்வளவு தாமதமாகப் பிழை காட்டும் சிஸ்டத்தை எங்கள் தொழிலில் எழுதினால், பயன்படுத்தியவரைப் பைத்தியம் என்று சொல்ல மாட்டோம்.

போன மாதம் சித்தப்பா ஒரு கார்பன் கிரெடிட் விளம்பரத் தாளைக் காட்டினார். ஏக்கருக்கு எத்தனை கன்று என்பது அதில் பெரிய எழுத்தில் இருந்தது. மரத்தை யார் வாங்குவார், என்ன விலைக்கு என்று இரண்டு பக்கமும் திருப்பித் தேடினோம். இல்லை.